வராத ஒன்பதாவது எபிசோடு

எங்கள் வீட்டில் காலம் மாதக் கணக்கில் ஓடுவதில்லை, சீசன் கணக்கில் ஓடுகிறது. "கடைவாய்ப் பல் எப்ப எடுத்தீங்க?" என்று பல் டாக்டர் கேட்டால் என் மகள், "அந்த ரோபோ கல்யாணம் பண்ணிக்கிற சீசன்ல" என்பாள். குற்றம் என்னுடையதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜப்பானில் நாற்பது புது அனிமே கார்ட்டூன் தொடர்கள் தொடங்கும். வாரம் ஒரு எபிசோடு வரும். மூன்று மாதத்தில் முடியும். மூச்சு விடுவதற்குள் அடுத்த நாற்பது வாசலில் வந்து நிற்கும். அதில் பதினான்கைப் பொறுக்கி, ஒவ்வொரு எபிசோடையும் பார்த்து வலைப்பூவில் எழுதுவது என் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கிறேன். நீ வாரா வாரம் நீயாப் போய் மாட்டிக்கிறே" என்பார்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிறேன். எனக்கு மட்டும் அந்த மூன்றாவது கட்டம் வருவதே இல்லை. பஸ்ஸில் ஒரு எபிசோடு, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, துணி மடிக்கும்போது ஒன்று. தொடக்கப் பாட்டைத் தாண்டிவிடுவேன். கதை இழுத்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன். ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை தொங்கும்: திங்கள் இரண்டு, செவ்வாய் ஒன்று, இப்படி. ஒருநாள் அதில் வியாழக்கிழமைக் கட்டத்தில் வேறு கையெழுத்தில், "எட்டரை மணி: புருஷன், ஒரு எபிசோடு" என்று எழுதியிருந்தது. சிரித்துவிட்டு அழித்தேன். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது.

வலைப்பூவில் என் பெயர் எக்ஸ்ரே அக்கா. வலைப்பூவின் பெயர் 'பார்த்தது பார்த்தபடி'. ஒன்பது வருடம், முப்பத்தாறு சீசன். வழக்கமாக வந்து படிப்பவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். இந்த இருநூற்றுச் சொச்சம் பேரும் என்னிடம் வருவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. நான் பார்க்காமல் எழுதமாட்டேன்.

இதை நான் அடக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. அடக்கத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

போன வருடம் சாவிக்கொத்து என்ற பெயரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். நல்ல எழுத்து, என்னைவிட நல்ல எழுத்து என்று இப்போது சொல்ல முடிகிறது. ஒரு தொடரில், ஓர் எபிசோடு முழுக்கக் கதாநாயகி வாயே திறக்கமாட்டாள். அவள் எழுதும் கடிதங்கள் திரைக்கு அடியில் எழுத்தாக மட்டும் ஓடும், பின்னால் அலைச் சத்தம். இவர் என்ன எழுதினார் தெரியுமா? "கடிதங்களை வாசிக்கும் அந்தக் குரல் நெஞ்சை உருக்கிவிட்டது." எந்தக் குரல்? பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நான் குதித்தே விட்டேன். மனிதர் பார்க்காமலே அளந்துவிட்டிருக்கிறார்! அன்றைக்கே 'இல்லாத குரலைக் கேட்டவர்' என்று தலைப்பு வைத்து, அவரைக் கிழி கிழியென்று கிழித்துத் தொங்கவிட்டேன். கடைசி வரி இது: "பார்க்காமல் நான் ஒரு வரி எழுதினால், அன்றைக்கே கடையை மூடிவிடுகிறேன்."

என் ஒன்பது வருடத்தில் அதிகம் பேர் படித்த பதிவு அதுதான். சாவிக்கொத்து ஒரு பதிலும் எழுதவில்லை. ஒரே வாரத்தில் அவர் வலைப்பூ நின்றது. எனக்கு ஒரு உறுத்தலும் இருக்கவில்லை. நன்றாகவே தூங்கினேன்.

இந்த சீசனில் எனக்குப் பிடித்த தொடர், கலங்கரை விளக்கம் ஒன்றில் தன்னந்தனியாக விளக்கு ஏற்றும் ஒரு பெண்ணைப் பற்றியது. அது ஏற்கெனவே படக்கதைப் புத்தகமாக வந்தது, நான் முழுக்கப் படித்திருந்தேன். ஒன்பதாவது எபிசோடில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவள் முதல் தடவையாகத் தானே விளக்கை அணைப்பாள். புத்தகத்தில் அது ஒரு முழுக் கறுப்புப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எபிசோடு வரவேண்டும். அந்த வாரம் எங்கள் பிரிவில் இரண்டு பேர் லீவு. அதனால் வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்திலேயே விமர்சனத்தை எழுதி, ஞாயிறு ஆறு மணிக்குத் தானாக வெளியாகும்படி வைத்துவிட்டேன். நாலரைக்குப் பார்த்து, வேண்டிய இடத்தில் திருத்திவிடலாம் என்பது ஏற்பாடு. இது பார்க்காமல் எழுதுவது ஆகாது, முன்கூட்டி எழுதுவது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். பக்கத்து மைதானத்தில் கால்பந்து இறுதிப் போட்டி. இரண்டு அணியும் பந்தை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் உதைத்திருக்கிறார்கள் போல. மணிக்கட்டு, கணுக்கால், விலா, நடுவர் மூக்கு. கடைசியாக வந்த கோல்கீப்பரிடம் "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, "விடுங்க" சொல்ல மறந்துவிட்டேன். பாவம், கண் பிதுங்க நின்றார். மணியைப் பார்த்தேன். ஆறே கால்.

வீட்டுக்கு வந்தபோது மகள் மடிக்கணினியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது. ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்ல இவளை வேலைக்கு வைக்கலாம், அவ்வளவு நேராகச் சொல்வாள்.

"அம்மா, நீ இன்னைக்கு எதைப் பார்த்து எழுதினே?"

"ஏன்?"

"இன்னைக்கு எபிசோடே வரலையே. ரீகேப்தான் போட்டாங்க. பழைய எட்டு எபிசோடையும் வெட்டி ஒட்டி."

என் பதிவைத் திறந்தேன். "நாற்பது விநாடி முழு இருட்டு, முழு மௌனம். பிறகு மெல்ல எழும் அந்த வயலின்! இந்த வருடத்தின் மிகச் சிறந்த காட்சி" என்று என் எழுத்து என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. வயலினை நான் எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கீழே வாசகர்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

"அக்கா, வயலின் லிங்க் கிடைக்குமா?"

"அக்கா, அப்படியே பத்தாவது எபிசோடும் சொல்லிட்டீங்கன்னா நாங்க தூங்கப் போயிடுவோம்."

"அடுத்த வாரம் மழை வருமா அக்கா? துணி காயப் போடணும்."

அதற்குக் கீழே ஒருவர் என் பழைய பதிவின் கடைசி வரியை எடுத்து ஒட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு பூட்டுப் படம்.

"அழிச்சிடலாமா?" என்றேன்.

"அழிச்சா இன்னும் அசிங்கம். எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பாங்க. நானே எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள் மகள்.

வீட்டுக்காரர் ஆறுதல் சொல்ல வந்தார். "யாரோ உன் பேர்ல புகுந்து எழுதிட்டாங்கன்னு சொல்லு. இல்லைன்னா பொண்ணு எழுதிட்டான்னு சொல்லு."

"என்னை எதுக்கு இழுக்கிறீங்க?" என்றாள் அவள்.

"சும்மா இருங்க ரெண்டு பேரும்" என்று கத்தினேன். கத்தும்போதே, பெண் எழுதிவிட்டாள் என்ற யோசனை அவ்வளவு மோசமில்லையே என்று ஒரு விநாடி தோன்றியது. அந்த ஒரு விநாடிதான் என்னை நன்றாகப் பயமுறுத்தியது.

பிறகுதான் தயாரிப்பு நிறுவனத்தின் அறிவிப்பைப் படித்தேன். இரண்டே வரி. "எங்களால் குறித்த நேரத்தில் முடிக்க இயலவில்லை. ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், மன்னியுங்கள்." அவர்களுக்கு அது பிழைப்பு, தலைக்கு மேல் ஆயிரம் நெருக்கடி; இருந்தும் முடியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். என்னை யார் நெருக்கினார்கள்? "இந்த வாரம் பார்க்க நேரமில்லை" என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் ஒருவரும் என்னைக் கேட்டிருக்கமாட்டார்கள். வெட்கமாக இருந்தது. காது சுடுகிற அளவுக்கு வெட்கம்.

அப்போது சாவிக்கொத்தின் ஞாபகம் வந்தது. கடையை மூடுவதாக இருந்தால் முதலில் அவரிடம் சொல்லிவிட்டு மூடவேண்டும் என்று பட்டது. திங்கட்கிழமை, நின்றுபோன அவர் வலைப்பூவிலிருந்து முகவரி எடுத்து எழுதினேன். "உங்களை என்ன சொல்லித் திட்டினேனோ அதையே நான் செய்துவிட்டேன். மன்னியுங்கள்." அனுப்பிவிட்டு அன்று முழுக்க ஒரு எபிசோடும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது.

"அக்கா, விஷயம் கேள்விப்பட்டேன். முதல்ல சிரிச்சேன், பொய் சொல்லமாட்டேன். ஆனா நீங்களும் நானும் ஒரே தப்பைப் பண்ணலை. அந்தக் கடித எபிசோடை நான் பார்த்தேன். அப்ப எங்க பாப்பாவுக்கு நாலு மாசம். தோள்ல போட்டாத்தான் தூங்குவா, சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்துடுவா. அதனால சத்தத்தை நிறுத்திட்டு, அடியில வர்ற எழுத்தைப் படிச்சுக்கிட்டே பார்த்தேன். கதாநாயகிதான் வாசிக்கிறான்னு நெனச்சுட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு அந்தக் குரல் கேட்டுச்சு. கடையை மூடறதா வேற எப்பவோ எழுதியிருந்தீங்க. மூடாதீங்க. நான் மூடிப் பார்த்துட்டேன். ஒண்ணைப் பார்த்துட்டு யார்கிட்டயும் சொல்லாம இருக்கிறது ரொம்பக் கஷ்டம்."

எக்ஸ்ரே அறை இருட்டில் நின்று அதை மூன்று முறை படித்தேன். வெளியே ஒரு பெரியவர் கை ஒடிந்து காத்திருந்தார். சாவிக்கொத்து பார்த்திருக்கிறார். நான் கிழித்துத் தொங்கவிட்ட மனிதர் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். பார்க்காமல் எழுதியது எங்கள் இரண்டு பேரில் நான் மட்டும்தான். ஏன் என்று ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருக்கலாம். எலும்பு ஒடிந்திருக்கிறதா என்று நாளெல்லாம் பார்த்துச் சொல்கிறவள், படம் எடுக்காமலே ஒரு மனிதரை முடித்துவிட்டேன்.

அன்று மாலை இரண்டு காரியம் செய்தேன். ஒன்பதாவது எபிசோடை நான் பார்க்கவில்லை, வயலின் என் சொந்தக் கற்பனை என்று எழுதினேன். பிறகு, அந்த 'இல்லாத குரலைக் கேட்டவர்' பதிவின் தலையில், நடந்ததைச் சொல்லி, "இதில் நான் எழுதியது தவறு. அவர் பார்த்தார்" என்று சேர்த்தேன். படித்தவர்கள் எல்லாரும் திரும்ப வந்து இதையும் படிக்கப்போவதில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அறுபது பேர் போய்விட்டார்கள். துணி காயப் போடுகிறவர் மட்டும் போகவில்லை.

கடையை மூடவில்லை. சொன்ன வாக்கை மீறியவள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். பதினான்கை நான்காகக் குறைத்தேன். ஃப்ரிட்ஜ் அட்டவணையில் வியாழன் எட்டரைக் கட்டத்தில் நான் அழித்த 'புருஷன்' என்பதை என் கையாலேயே எழுதினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "தொடக்கப் பாட்டைத் தாண்டாம பார்ப்பியா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் வேகத்தைத் தொடவில்லை. அந்தப் பெண் படி ஏறிப் போய் விளக்கை அணைத்தாள். நாற்பது விநாடி இல்லை, நான்கே விநாடி இருட்டு. வயலினும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த இருட்டுக்குள் யாரோ ஒருவர் இருமினார். அவ்வளவுதான். அவள் இத்தனை நாளும் அங்கே தனியாக இல்லை. புத்தகத்தின் கறுப்புப் பக்கத்தில் இப்படி ஒன்று இல்லவே இல்லை. நான் ஆயிரம் வருடம் உட்கார்ந்து யோசித்தாலும் அந்த இருமல் எனக்குத் தோன்றியிருக்காது. அழுதுவிட்டேன். மகள் தலையணையை என் பக்கம் தள்ளினாள்.

நான்கு வரி எழுதினேன். காட்சியில் என்ன வந்தது என்று சொல்லாமல், "பாருங்கள், சத்தம் குறைக்காமல் பாருங்கள்" என்று மட்டும் முடித்தேன். வெளியிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது ஒரே ஒரு பின்னூட்டம் வந்திருந்தது, சாவிக்கொத்து என்ற பெயரில்.

"பாப்பாவை அவங்க அம்மாகிட்ட குடுத்துட்டு, சத்தம் வெச்சே பார்த்தேன் அக்கா. இருமினது கேட்டுச்சு."