மியூல்ஸ் அணியின் புது கிக்கரும் லொரெய்ன் வீட்டுப் பனியும்

மியூல்ஸ் அணி புது கிக்கரை எடுத்திருக்கிறது என்ற செய்தி ரேடியோவில் வந்த பன்னிரண்டாவது நிமிடம், லொரெய்ன் ஸ்கவ்ரோன் வீட்டுக் கூரைமேல் மட்டும் பனி பெய்யத் தொடங்கியது. அக்டோபர் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. போர்ட் ஹாரோ நகரம் முழுக்க நல்ல வெயில். ஏரிக்கரையில் ஆட்கள் அரைக்கால் சட்டையோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டஜன் முட்டை இரண்டு டாலர் பத்து சென்ட்; லொரெய்ன் வீட்டில் நான்கு அங்குலம் பனி. பக்கத்து வீட்டு ரோஜாச் செடிமேல் ஒரு பொட்டுகூட விழவில்லை. இதில் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. அந்த வீட்டு மாடியில் கிக்கர் குடியிருந்தால் பனி பெய்யும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் இதுவரை, கிக்கர் எதையாவது கோட்டைவிட்ட பிறகுதான் பெய்திருக்கிறது. இந்த ஆள் இன்னும் ஊருக்குள் காலே வைக்கவில்லை. விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஆட்டத்துக்குப் பெயர் கால்பந்து. ஆனால் கம்பத்துக்கு நடுவில் உதைக்கிற வேலை அணியில் ஒரே ஒருவனுக்குத்தான். மற்றவர்கள் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, மூன்று மணி நேரம் ஒருவர் எலும்பை ஒருவர் முறிப்பார்கள். கிக்கர் ஓரமாக, அழுக்குப் படாத சட்டையோடு உட்கார்ந்திருப்பான். கடைசி நொடியில் அவனைக் கூப்பிட்டு, இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவில் பந்தை அனுப்பச் சொல்வார்கள். போனால் அணி ஜெயித்தது. போகாவிட்டால் அவன் தோற்றான். இதனால் போர்ட் ஹாரோவில் எந்தக் கிக்கரும் வீடு வாங்கியதில்லை. ஸ்டேடியத்துக்கு நடந்து போகிற தூரத்தில் லொரெய்னின் மாடி வாடகைக்குக் கிடைத்தது. பதினெட்டு வருஷத்தில் ஒன்பது பேர் குடிவந்தார்கள், ஒன்பது பேரும் தவறக் கூடாத ஓர் உதையில் தவறினார்கள். தவறிய அன்றே பனி. அணி அவனை நீக்கும்வரை, அல்லது லொரெய்ன் அவன் பெட்டியைத் தூக்கி வாசலில் வைக்கும்வரை கொட்டும். அவன் டாக்ஸி பிடித்துக் கிளம்பினால் டாக்ஸிமேல் மட்டும் பெய்துகொண்டே மாவட்ட எல்லைவரை கூடப் போகும். எல்லைக்கு அப்பால் என்ன ஆனது என்று நாங்கள் யாரும் விசாரித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எங்கள் ஊரில் உதையை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் பந்து விலகிவிடும் என்று நம்பிக்கை. பந்தைத் தரையில் நிறுத்தும்போது அறுபதாயிரம் பேரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார்கள். வீட்டில் டிவி பார்க்கிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். முடிவை எதிரணிக்காரர்கள் போடும் சத்தத்திலிருந்து தெரிந்துகொள்வோம். லொரெய்ன் ஒருவர்தான் விதிவிலக்கு. முப்பது வருஷம் பள்ளி பஸ் ஓட்டியவர். எதிரே என்ன வந்தாலும் பார்த்தே பழக்கம்.

புது கிக்கரின் பெயர் வெண்டெல் ஓக்ஸ். நெப்ராஸ்காக்காரன், வயது முப்பத்துநான்கு, அதற்குள் ஏழு அணிகள் அவனை அனுப்பிவிட்டிருந்தன. அணி கிடைக்காத மாதங்களில் கூரை வேலை பார்ப்பான். அன்று மாலை ரேடியோவில் ரசிகர்கள் பேசும் நிகழ்ச்சிக்கு ரிட்ஜ் தெரு டெனிஸ் போன் போட்டான். “நமக்கு கிக்கர் வேணும்னு கேட்டா, கூரை போடுறவன புடிச்சிட்டு வந்திருக்கானுங்க சார். ஏழு பேரு வேணாம்னு தூக்கிப் போட்டத எட்டாவதா நாம பொறுக்கிட்டு வந்திருக்கோம். எல்லாம் நம்ம தலையெழுத்து!” நிகழ்ச்சி நடத்துகிறவர், ஒரு ஆட்டமாவது ஆடட்டுமே என்றார். “எதுக்கு சார் ஆடணும்? நான் இங்கருந்தே சொல்றேன், வலது பக்கமாத்தான் போகும்.” அதற்குப் பிறகு நாற்பத்தோரு பேர் போன் செய்தார்கள். முப்பத்தொன்பது பேர் வலது பக்கம் என்றார்கள், இருவர் இடது பக்கம் என்றார்கள். ஒவ்வொரு போனுக்கும் லொரெய்ன் வீட்டில் கொஞ்சம் பலமாகப் பெய்தது.

இந்த இடத்தில் லொரெய்னின் நிலைமையைச் சொல்ல வேண்டும். அவருக்கு இருந்த சொத்து அந்த வீடு ஒன்றுதான். ஒன்பது கிக்கர்களின் பனியைச் சுமந்து மோட்டுவளை விரிசல் விட்டிருந்தது. நகராட்சி ஆய்வாளர் வந்து, இன்னொரு பனிக்காலத்து பாரம் ஏறினால் கூரை உள்ளே இறங்கிவிடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். காப்பீட்டுக்காரர்கள், ஊர் முழுக்கப் பெய்தால் அது வானிலை, ஒரு வீட்டில் மட்டும் பெய்தால் அது சொந்த விவகாரம் என்று கடிதம் போட்டார்கள். வெண்டெல் வந்து இறங்கியபோது லொரெய்ன் சம்மர் சட்டைக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தான்.

“மேடம், இது எனக்கா?”

“உனக்குத்தான்.”

“நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே.”

“பண்ணுவேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.”

அவன் பனியைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. கூரையின் கோட்டை ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்து, “மோட்டுவளை தொங்குது மேடம். ஏணி இருக்கா?” என்றான். பெட்டியைப் பிரிக்காமலே மேலே ஏறிப் பனியைத் தள்ளினான். அன்றிலிருந்து தினமும் காலையில் பயிற்சிக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை தள்ளினான். உள்ளே இரண்டு முட்டுக் கொடுத்தான். லொரெய்னுக்கு அவனைப் பிடித்துப்போனது. ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் அடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தார்.

அவன் அடித்தான். முதல் ஞாயிறு மூன்று. அடுத்த ஞாயிறு இரண்டு. மழையில் அடித்தான், ஏரிக்காற்றில் அடித்தான், ஐம்பத்தாறு கஜத்திலிருந்து ஒன்று அடித்தான். நவம்பர் முடியும்போது பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. தோற்றே பழகிய மியூல்ஸ் வரிசையாக ஆறு ஆட்டம் ஜெயித்தது. பனி நிற்கும் என்று லொரெய்ன் காத்திருந்தார். பனி இரண்டு மடங்கானது. ஏன் என்பதை டெனிஸ்தான் ரேடியோவில் விளக்கினான். “பத்தொம்போது போட்டுட்டான் சார். எனக்கு ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது. நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டிருந்தா மனசு ஆறியிருக்கும். இவன் எல்லாத்தையும் சேத்து வச்சு ஒரே நாள்ல மொத்தமா குடுக்கப் போறான், பாத்துக்கிட்டே இருங்க!” நிகழ்ச்சி நடத்துகிறவரும் அதே பயம்தான் தனக்கும் என்று ஒப்புக்கொண்டார். இருபதாவது உள்ளே போன அன்று லொரெய்ன் வீட்டின் கீழ்த்தள ஜன்னல்கள் மறைந்தன.

ஆட்ட நாட்களில் ஸ்டேடியத்து கார் நிறுத்தத்தில் காலை ஏழு மணிக்கே அடுப்பு மூட்டி சாசேஜ் வாட்டுகிறவர்கள், பீரைக் குளிரவைக்க லொரெய்ன் வீட்டு முற்றத்துக்கு வரத் தொடங்கினார்கள். டெனிஸும் வந்தான். ஜெயிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவன் காலுறையைத் துவைக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எதையும் மாற்றக் கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். லொரெய்ன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

“டேய் டெனிஸ், இங்க வா. இது மேகத்துலேருந்து வர்ற பனியாடா? நீங்கல்லாம் நினைக்கிற நினைப்புடா இது. ரெண்டாங் கிளாஸ்ல என் பஸ்ல வாந்தி எடுத்தப்ப உன் மூஞ்சியத் தொடச்சுவிட்டவ நான். எனக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன நம்பித் தொலையேன்.”

டெனிஸ் நல்லவன். பீரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, முகம் சிவக்க முயற்சி செய்தான். அரை நிமிடம் பனி லேசானது என்று பக்கத்தில் நின்ற நான்கு பேர் சாட்சி சொல்கிறார்கள். பிறகு அவன் கண்ணைத் திறந்து, “முடியல மிசஸ் எஸ். மன்னிச்சிருங்க. கண்ண மூடினா வலது பக்கம் போறதுதான் தெரியுது” என்றான். அன்று மாலைக்குள், பனியைத் தள்ளித் திறந்து வைத்திருந்த வாசற்படியும் மூடிக்கொண்டது.

வெண்டெல் ஓட்டலில் போய்த் தங்குவதாகச் சொல்லிப் பார்த்தான். அவன் போனால் பனியும் கூடப் போயிருக்கும், வீடு பிழைத்திருக்கும். இது லொரெய்னுக்கும் தெரியும். ஆனால் லொரெய்னும் போர்ட் ஹாரோவில் பிறந்தவர்தானே. “ஜெயிச்சிட்டிருக்கும்போது படுக்கைய மாத்துறவன் எங்கயாவது உண்டா?” என்று அவன் பெட்டியைப் பிடுங்கித் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். வேறு ஊராக இருந்தால் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் சரி என்றார்கள்.

இப்படியே கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு அடுத்த சுற்று. அன்று காலை வெண்டெல் மேலே ஏறி அளந்துவிட்டு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தான். தலைக்கு மேலே மரம் முனகுவது கேட்டது.

“இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்கும் மேடம். நாளைக்கு எனக்கு நம்பிக்கை இல்ல.” காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். “ஒண்ணே ஒண்ண விட்டா இவங்களுக்கு மனசு ஆறிடும்னு தோணுது. பனியும் நின்னுடும்.”

லொரெய்ன் கையில் இருந்த தோசைத்திருப்பி மாதிரிக் கரண்டியை மேசையில் ஓங்கி அடித்தார். “வாய மூடு. இந்தப் பேச்ச இந்த வீட்ல பேசாத. இடிஞ்சா இடியட்டும். என் தங்கச்சி வீட்ல போய்க் கெடந்துக்குவேன். இருபத்தாறு வருஷம்டா! நீ அதக் கம்பத்துக்கு நடுவுல அனுப்பு, போதும்.” அவன் சரி மேடம் என்று சொல்லிவிட்டு முட்டையைச் சாப்பிட்டான்.

நான்கு நொடி பாக்கி இருந்தபோது மியூல்ஸ் இருபது, எதிரணி இருபத்தொன்று. முப்பத்துமூன்று கஜத்திலிருந்து உதைக்க வேண்டும், உள்ளே போனால் மூன்று புள்ளி. வெண்டெல் தூக்கத்தில்கூட அடிக்கிற தூரம். அறுபதாயிரம் பேரும் முதுகைத் திருப்பினார்கள். லொரெய்ன் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்த சின்னக் கொடி அசையவில்லை. வெண்டெல் தலையைத் தூக்கி, அவர் இருக்கும் வரிசையை ஒரு முறை பார்த்தான். பிறகு ஒரு கண்ணைச் சுருக்கி, முதல் நாள் கூரையைப் பார்த்த மாதிரியே வலது கம்பத்தைப் பார்த்தான். உதைத்தான். பந்து கம்பத்துக்கு வெளியே சரியாக ஓர் அடி தள்ளி, நேராக, அழகாகப் போனது.

எதிரணிக்காரர்களின் கூச்சல் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் காதால் கேட்டேன்: அறுபதாயிரம் பேரும் ஒரே நேரத்தில், இறுக்கமான செருப்பைக் கழற்றியவர்கள்போல் மூச்சு விட்டார்கள். “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அழுதவர்களும் சந்தோஷமாகத்தான் அழுதார்கள். லொரெய்ன் வீட்டில் பனி நின்றது. ஒரு மணி நேரத்தில் கூரையின் ஓரங்களில் தண்ணீர் கொட்டியது, தெருவே ஓடையானது. டெனிஸ் ஒரு தட்டு நிறைய சாசேஜோடு வந்து, வெண்டெலை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, “நீ நம்ம ஆளுடா, சத்தியமா நம்ம ஆளு!” என்றான். அவனை நீக்கக் கூடாது என்று அன்று மாலை ரேடியோவுக்கு நூற்றுப்பத்து போன் வந்தது. அணி நிர்வாகம் பயந்துபோய் நான்கு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதியது. அவன் அந்த நான்கு வருஷமும் அடித்தான், இடையிடையே ஒன்றை விட்டான், போர்ட் ஹாரோவில் வீடு வாங்கிய முதல் கிக்கர் ஆனான். கூரை ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் போன பிறகு லொரெய்ன் அவனுக்கு முன்னால் சூப்புக் கிண்ணத்தை வைத்தார். வைத்த வேகத்தில் பாதி மேசையில் சிந்தியது.

“காத்து மேடம்” என்றான் அவன்.

“கொடி அசையல. நான் பாத்தேன்.”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். “வீடு நிக்குது மேடம்.”

“வீட்ட யாருடா உங்கிட்ட கேட்டா?” என்றார் லொரெய்ன். முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைக்கத் துடைக்க வந்தது. “ஊருக்கே நீ அடிக்க மாட்டேன்னு தெரியும். நான் ஒருத்திதான்டா நீ அடிப்பேன்னு நினைச்சேன்.”

அப்போது சமையலறை விட்டத்துக்குக் கீழே, அவன் நாற்காலிக்கு மேல் மட்டும், மெல்லிசாகப் பனி பெய்ய ஆரம்பித்தது. பெரிய பனி இல்லை, ஒரு ஆள் கோபத்துக்கு உண்டான பனி. இருவரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். வெண்டெல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தான். அது ஏப்ரல் வரை பெய்தது. லொரெய்ன் எழுந்துபோய் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவன் பக்கமாகத் தள்ளினார்.

“கிண்ணத்த மூடி வச்சுக்கிட்டு குடி. ஆறிடும்.”