ஆரோக்கியசெல்வி சொல்லவேண்டிய சாட்சி

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பேருந்தில் முன்சீட்டு அம்மா போனில் ஊருக்கே கேட்கப் பேசிக்கொண்டு வந்தார்: "அவ மாத்திரைய கூழ்ல கரைச்சி குடுத்துக்கினுதான் கீறா. ஞாயித்துக்கெழம, ஜெபத்தால சொகமாச்சின்னு சாட்சி சொல்லப் போறாளாம்!" விக்கிரவாண்டியில் இறங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "வளவனூர் ஜெபவீட்டுப் பாஸ்டர் ஒரு பணப்பேய். அவர் கையில் தங்க மோதிரம்..."

இந்தத் தொடக்கம் வேண்டாம். பாஸ்டரை வில்லனாக்கினால் கதை ஜல்தியாக முடிந்துவிடும்தான். சகாயராஜ் விடமாட்டேன் என்கிறான்.

பேருந்தில் கேட்ட அந்த 'அவ'வுக்கு நான் வைத்த பெயர் ஆரோக்கியசெல்வி; சகாயராஜ் அவள் புருஷன். கரும்பு லோடு ஏற்றுகிறவன். குடித்துவிட்டு வந்து அவளை அடித்தவன். குடியை விட்ட புதிதில் கைகால் நடுங்கிக் கிடந்தபோது, வாந்தியைத் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபித்தவர் இந்தப் பாஸ்டர்தான். அதன்பிறகு அவன் கடைப்பக்கம் திரும்பவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

3

அவர்கள் மகள் கவிதாவுக்கு வலிப்பு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி மாத்திரையில் அடங்கியிருந்தது. "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு சிஸ்டர்?" என்று ஆரோக்கியசெல்வியிடம் கேட்டார் பாஸ்டர். கனிவாகத்தான் சொன்னார், அதுதான் பேஜாரு.

அந்த ஜெபவீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருந்தை விடுகிறவர்கள் மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் மேடைத் தாம்பாளத்தில் வைக்கவேண்டும். ஆரோக்கியசெல்வி காலி அட்டையைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? அன்றிலிருந்து மாத்திரை கேப்பைக் கூழில் கரைகிறது. வலிப்பு வரவில்லை. எல்லாரும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறார்கள்.

[புருஷனிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அட்டையை வைப்பதற்கு முன்பே லேசாகச் சொல்லிப் பார்த்தாள். "மாத்திரைய நிறுத்தாம இருந்தா என்னங்க?"

"ஏசப்பா என்னையே மாத்திட்டாரு, கொழந்தைய மாத்தமாட்டாரா?" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீ சந்தேகப்பட்டீன்னா நானும் பழையபடி ஆயிடுவனோன்னு பயமா கீது, செல்வி" என்றான். அதற்கப்புறம் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?]

4

ஞாயிற்றுக்கிழமை. செருப்புகளைக் கழற்றுகிற இடத்தில் அம்சா பிடித்துக்கொண்டாள். அவள் மகன் மணிமாறனுக்கும் வலிப்புதான்.

"அக்கா, ஒங்க கவிதாவுக்கு செரியாப் போச்சில்ல? அதான் நானும் மணிமாறன் மாத்திரைய எடுத்தாந்துட்டேன். இன்னிக்கே வச்சிடப்போறேன்."

கையில் முழு அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. ஆரோக்கியசெல்வி அந்த அட்டையைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"இரு அம்சா, அவசரப்படாத."

"நீங்களே இப்டி சொன்னா எப்டிக்கா? ஒங்களப் பாத்துதான வந்தேன்!"

(காதோடு உண்மையைச் சொல்லிவிட்டால் ஆயிற்றே? எழுதிப் பார்த்தேன். "என்னாக்கா சொல்றீங்க!" என்று அம்சா போட்ட சத்தத்தில் உள்ளே பாட்டே நின்றுவிட்டது. அதையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

உள்ளேயிருந்து மைக்கில் ஆரோக்கியசெல்வி பெயரைக் கூப்பிட்டார்கள்.

5

முடிவு ஒன்று. உண்மையைச் சொல்கிறாள். சகாயராஜ் எழுந்து வெளியே போகிறான். எந்தப் பக்கம் போகிறான் என்று எழுதத் தைரியம் இல்லை.

முடிவு இரண்டு. "அல்லேலூயா, ஜெபத்தாலதான்" என்கிறாள். கைதட்டல். அம்சா தாம்பாளத்தை நோக்கி நடந்து, மணிமாறனின்

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது.

முடிவு மூன்று. பாஸ்டரே எழுந்து, "மாத்திரையும் கர்த்தர் குடுத்ததுதான், எல்லாரும் எடுத்துக்கினு போங்க" என்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனாலேயே அதை நம்பமாட்டேன்.

6

மைக்கைப் பிடித்து "ஸ்தோத்திரம்" என்றுவிட்டாள். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் சகாயராஜ், அவள் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறான். பாயில் கவிதா. காலையில் குடித்த கூழ் அவள் உதட்டோரம் காய்ந்திருக்கிறது. அம்சா கையில் மாத்திரை அட்டையோடு எழுந்து நிற்கிறாள்.

ஆரோக்கியசெல்வி வாயைத் திறக்கிறாள்.

திட்டிக்கொள்ளுங்கள், இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. என்ன சொன்னாள் என்று நீங்களே எழுதுங்கள், எது வேண்டுமானாலும். ஆனால் எழுதும்போது அம்சாவின் கையைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.