ராணியின் லாரி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் ஆரோக்கிய ராணிக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. கம்ப்யூட்டருக்குள்தான், இருந்தால் என்ன? போலந்து, ஜெர்மனி என்று சாயங்காலந்தோறும் சரக்கேற்றி ஓட்டி, அந்த விளையாட்டிலேயே சம்பாதித்து வாங்கிய சிவப்பு லாரி. பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். ஒரு கீறல் விழவிட்டதில்லை.

அவள் புருஷன் தேவசகாயம் நிஜமாகவே வண்டி ஓட்டுகிறவர். கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ். ஒருநாள் வேலை, ஒருநாள் ஓய்வு. இந்த லாரி என்றாலே அவருக்கு இளக்காரம். "மாடு குறுக்க வராது, டூவீலர்காரன் நுழைய மாட்டான், இதெல்லாம் ஒரு ஓட்டா? பொம்ம வண்டி. நான் கையால தொட மாட்டேன்" என்பார்.

திடீரென்று ஒருநாள் கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்துப்போனது. வயசாகிவிட்டது, பாவம். சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி சகாய ஆனந்துக்கு ராணி போன் போட்டாள்.

"புது டிஸ்க் போட்டாலும் இப்ப இருக்கிற விண்டோஸ் அந்தப் பழைய சிஸ்டத்துல ஏறாதுக்கா. தூக்கிப் போட்டுடு."

"உன் வாய்ல வசம்ப வச்சுத் தேய்க்க. ஓட வைக்க வழி சொல்லுடா."

"அப்ப விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்தான். கேம் ஆடறதுக்குன்னே ஒண்ணு இருக்கு, சும்மாவே கெடைக்குது. டிஸ்க்குல ஏத்தி மாமாகிட்ட குடுத்தனுப்பறேன். ஆனா உன் லாரி ஆன்லைன் கணக்குல சேவ் ஆயிருந்தாதான் வரும். இல்லனா போனது போனதுதான்."

சேவ் ஆகியிருந்ததா? ராணிக்குத் தெரியவில்லை.

மறுநாள் தேவசகாயம் அந்த டிஸ்க்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸை ஓட்டிவந்தார். வேகத்தடைகளில் அவர் அன்று பூப்போல ஏற்றி இறக்கியதைப் பார்த்துக் கண்டக்டரே வாயடைத்துப் போனாராம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ராணி டிஸ்க்கை மாட்டினாள். லினக்ஸ் முக்காமல் முனகாமல் எழுந்தது. லாரி ஓட்ட வைத்திருந்த விளையாட்டு ஸ்டியரிங்கைச் செருகினாள், அதுவும் உயிர்பெற்றது. தன் கணக்கில் நுழைந்து விளையாட்டை இறக்கப் போட்டுவிட்டு மீன் குழம்பு வைக்கப் போனாள். தேவசகாயத்துக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"லாரி வந்துச்சா?"

"ஒங்களுக்கு என்ன மாமா அவ்வளவு அவசரம்?"

"சும்மா கேட்டேன்."

சாப்பாட்டுக்குப் பிறகு விளையாட்டைத் திறந்தாள். வந்தது! அதே சிவப்பு லாரி. ராணிக்குக் கண் கலங்கிவிட்டது. மாதாவே, உனக்கு ஒரு மெழுகுவத்தி என்று மனசுக்குள் நேர்ந்துகொண்டாள்.

பிறகுதான் நன்றாகப் பார்த்தாள். டிஸ்க் சாவதற்கு முன்பு அவள் ஷெட்டில் விட்டுவந்த வண்டி இப்போது ரோட்டில் நின்றது. பம்பர் நசுங்கியிருந்தது, முன்விளக்கு ஒன்றைக் காணோம். எல்லோரும் வலப்பக்கம் போகிற அந்த ஊரில், இது மட்டும் நம்மூர் மாதிரி ஜம்மென்று இடப்பக்கம் நின்றது. எதிரே மூக்கோடு மூக்காக ஒரு டேங்கர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ராணி மெதுவாகத் திரும்பினாள். தேவசகாயம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கடைக்குப் போனப்புறம் இதான் நடக்குதா மாமா?"

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், சிரிப்பு முந்திக்கொண்டது. நாற்காலியை விட்டு எழுந்து, "உக்காருங்க, ஒழுங்கா ஓட்டக் கத்துத் தரேன்" என்றாள்.

உட்கார்ந்து, உரிமையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார் மனுஷன்.

"என்னை என்னா பண்ணச் சொல்ற ராணி? எதுக்க வர்றவனுவோ அத்தினி பேரும் ராங் சைடுலயே வரானுவோ."