பதினான்காம் அடுக்கு

கையுறையைக் கழற்றியபோதுதான் பவானேஸ்வரி கவனித்தாள். மணிக்கட்டில் காப்புக் கயிறு இல்லை.

கழிவறையில் நின்றபடி கையுறையை உதறினாள். வெள்ளை அங்கியின் கையைத் திருப்பிப் பார்த்தாள். தோலில் மஞ்சள் கறை மட்டும் வளையமாக இருந்தது. பால்குடம் எடுக்கும்வரை கழற்றக்கூடாத கயிறு. நூல், நகை எதையும் உள்ளே கொண்டுவரக்கூடாது என்பது தொழிற்சாலை விதி. ஒன்பது நாளாகக் கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

செங் வட்டாரத்தில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் விமான இறக்கைக்கான தகடுகளைச் செய்தார்கள். இயந்திரக் கை, பிசின் ஏறிய கார்பன் நாடாவை அச்சின்மேல் வரிவரியாகப் பதித்து அழுத்திக்கொண்டே போகும். ஓர் அடுக்கு முடிந்ததும் கேமரா சோதிக்கும். சந்தேகப்பட்ட இடம் திரையில் சிவக்கும். அவள் குனிந்து பார்த்து, ஒன்றுமில்லையென்றால் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். கறுப்பு நாடாவின் மினுமினுப்புக்கே நாளைக்கு ஐம்பது தடவை சிவக்கும். அவள் குனிவதை நிறுத்தி வெகுநாளாயிற்று.

இன்று பதினான்காம் அடுக்கில், ஓரத்தில் மடிந்த நாடாவை அச்சின்மேல் சாய்ந்து நீவிவிட்டாள். கையுறை விளிம்பு மணிக்கட்டிலிருந்து விலகியது. பிறகு திரை சிவந்தது. அழுத்தினாள். இப்போது பத்தொன்பதாம் அடுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கணவர் சேகரன் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம். அவர் எழுந்து நடக்கத்தான் மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். கயிறு போனதும் அவரை நினைத்துப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தகடுதான் நினைவுக்கு வந்தது. அதற்கும் முன்னால் ஒரே ஒரு நொடி, கை லேசாக இருந்தது. அந்த நொடியை நினைக்க அவளுக்கே பிடிக்கவில்லை.

லைன் லீடர் சுரேன் திரைமுன் நின்றிருந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன்.

“சுரேன், மெஷின நிப்பாட்டு.”

“ஏன்க்கா? கேமராவே ஓக்கே ஆயிருச்சுலா.”

“கேமரா சொல்லல. நான்தான் ஓக்கே கொடுத்தேன். பாக்காம.” மணிக்கட்டைக் காட்டினாள்.

“அய்யோ! மாரியம்மாவுக்கே ஃப்ளைட் டிக்கெட் போட்டுட்டீங்களா?” சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். “அஞ்சு லேயர் உரிக்கணும்க்கா. கிழிஞ்சா பேனலே குப்ப. உள்ள இல்லேன்னா? கேன்டீன்ல விழுந்திருந்தா?”

“உள்ள இருந்தா?”

அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

பிளாஸ்டிக் கத்தியால் இருவரும் நாடா நாடாவாக உரித்தார்கள். இரண்டு மணிநேரம் ஆனது. அவள் இடுப்பு மரத்துப்போயிற்று. பதினான்காம் அடுக்கின்மேல் கயிறு தட்டையாக ஒட்டிக் கிடந்தது, பிசினில் ஊறிக் கறுத்து. சுரேன் இடுக்கியால் எடுத்து உறையில் போட்டான்.

பிறகு அறிக்கைத் தாளை எடுத்து வந்தான்.

“க்ளவ் நூலுன்னு எழுதிரலாம்க்கா. கயிறுன்னு போட்டா ஒங்கள பேக்கிங்குக்கு மாத்திருவாங்க. அங்க நைட் ஷிப்டும் இருக்கு.”

அவளுக்குத் தெரியும். பகலில் பக்கத்து வீட்டு உஷாராணி சேகரனைப் பார்த்துக்கொள்கிறாள். இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க புக்கிட் காத்தில் ஊரிலிருக்கும் அவள் வீட்டில் வேறு ஆளில்லை.

பேனாவை வாங்கினாள். ‘காரணம்’ என்ற இடத்தில், என் கைக் கயிறு என்று எழுதினாள். அடுத்த வரி, சிவப்பு காட்டிய இடத்தை இயக்குபவர் நேரில் பார்த்தாரா என்று கேட்டது. ‘இல்லை’ என்பதை வட்டமிட்டாள்.

“அக்கா, இது வேணாங்க்கா. கயிறோட போகட்டும். இத போட்டா பழச எல்லாம் கிண்டுவாங்க.”

“கிண்டணும்டா. எத்தன பேனல்ல இப்படி அழுத்துனேன்னு எனக்கே தெரியல.”

சுரேன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நிறுத்திவைத்த இயந்திரத்தைப் பார்த்தான்.

“எப்பலேர்ந்துக்கா?”

ஞாபகப்படுத்திப் பார்த்தாள். மார்ச்சா, பிப்ரவரியா என்று உறுதியாகத் தெரியவில்லை. எதற்கும் முன்னதாகவே இருக்கட்டுமென ஜனவரி என்று எழுதினாள்.