அந்த ஆளின் நடை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் எங்கள் நாடகக் குழுவில் யாரும் என்னை இயக்குநர் என்று கூப்பிடுவதில்லை, 'கடுகு' என்பார்கள். பொரிந்து தள்ளுவேனாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் நாடகத்தைப் படமாக எடுக்கலாம் என்று முடிவானதும் வந்த முதல் சண்டை மீசையைப் பற்றியது. நாங்கள் எல்லாரும் பெண்கள். மேடையில் புருஷன் வேஷம் கட்டுவது பெரியக்கா. பின் வரிசையில் இருப்பவருக்கு ஒட்டு மீசையும் மீசைதான். கேமரா முகத்துக்கு நேரே வந்தால் பசை தெரியும்.

"சனங்க சிரிச்சுடுவாங்கக்கா" என்றேன்.

அக்கா அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் அவளே வந்தாள்.

"சரி, ஒரு ஆம்பளையைப் பிடிங்க. ஆனா நடை நான்தான் சொல்லித் தருவேன்."

அந்த நடை யாருடையது என்று எங்களுக்கு மட்டும் தெரியும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டிய துணியோடு, புருஷன் வீட்டிலிருந்து ஓடி வந்தவள் அக்கா. ஊரை மாற்றினாள், பெயரை மாற்றினாள். "எங்க போனாலும் பிள்ளையைத் தூக்காம விடமாட்டேன்" என்று அவன் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. நாங்கள் அவளை வாண்டு என்போம். எங்கள் எல்லார் மடியிலும் வளர்ந்தவள். அப்பன் முகம் அவளுக்குத் தெரியாது, வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. யாரைக் கண்டு ஒளிந்தாளோ அவனுடைய வேஷத்துக்குள்ளேயே அக்கா இத்தனை வருஷம் பத்திரமாக இருந்தாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படத்துக்கு நடிக்க வந்தவன் நல்ல பையன், வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாது. புருஷன் வேஷம் என்பதால் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டோம். முறைக்கச் சொன்னால் பசியில் இருப்பவன் மாதிரிப் பார்ப்பான். பெண்டாட்டியாக நடிக்கும் சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வாடகைக்கு எடுத்த மாடி அறையில் அவனை அங்கும் இங்கும் நடக்கவிட்டாள்.

"மெதுவா. அவன் அவசரப்படவே மாட்டான். குதிகாலை முதல்ல வை, அப்புறம் அழுத்து. சாவியைச் சத்தமில்லாம மேசைமேல வை. இப்போ சட்டைக் கையை மடி. ரெண்டு கையும் ஒரே அளவு இருக்கணும். அப்புறம்தான் 'சாப்பிட்டியா'ன்னு கேக்கணும்."

நாளாக ஆக மாப்பிள்ளைக்கு அந்த நடை படிந்துவிட்டது. அவன் சாவியை வைக்கும்போது அக்கா தன்னையறியாமல் ஓரடி பின்னால் போவாள். போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். படம் நன்றாக வரும் என்ற ஆசை எனக்கு.

அன்று அடி விழும் காட்சி. பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கிவிட்டது. வாண்டுவைக் கூட்டிவர அக்கா பையை எடுத்தாள்.

"ஒரே ஒரு டேக்குக்கா. அங்க காவலுக்கு இருக்கிற அம்மா பார்த்துக்குவாங்க" என்று வள்ளென்று விழுந்தேன். அக்கா பையைக் கீழே வைத்தாள். விளக்கைச் சரிசெய்து கேமரா தயாராகவே அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது.

மாப்பிள்ளை உள்ளே வந்தான். நடந்தான். சாவியை வைத்தான், கையை மடித்தான். "சாப்பிட்டியா?" என்றான். அதற்குப் பிறகு, யாரும் சொல்லித்தராத ஒன்றைச் செய்தான். மேசையில் இருந்த சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சின்னவளிடம் நீட்டினான்.

"குடிச்சுக்க. அப்புறம் தொண்டை வறண்டுடும்."

மேடையில் என்ன நடந்தாலும் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்று பழகியவர்கள் நாங்கள். சின்னவள் மூச்சுக் காட்டாமல் வாங்கிக் குடித்தாள். என்ன ஒரு கற்பனை என்று பூரித்துப் போய் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கட்!" என்று கத்தினேன்.

அக்கா மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தாள். "இதை யாரு உனக்குச் சொன்னது? நான் சொல்லல. நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல!"

பையன் வெலவெலத்துப் போனான். "எதிர்ல டீக்கடையில ஒருத்தர் பழக்கமானாருக்கா. நம்ம நாடகத்தைப் பார்த்திருக்காராம். எல்லாம் அச்சு அசல், தண்ணி குடுக்கிறதை மட்டும் விட்டுட்டாங்கன்னு சொன்னாரு. நல்லா இருக்கேன்னு..."

"வேற என்ன கேட்டான்?"

"யாரு சொல்லித் தர்றாங்கன்னு கேட்டாரு. உங்களைப் பத்திச் சொன்னேன். ரொம்ப மரியாதையா..."

"எங்கடா இப்போ?"

"இன்னைக்கு வந்து பாருங்கன்னு கூப்பிட்டேன்க்கா. பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்னு போயிட்டாரு."

அக்கா செருப்புக்கூடப் போடவில்லை. படியில் உருண்டுவிடுவாளோ என்று பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன். பள்ளிக்கூடம் அடுத்த தெருதான். அந்தத் தெரு அன்று முடியவே மாட்டேன் என்றது. வழியில் வந்த சைக்கிள்காரர் என்னைத் திட்டினார். நான் திருப்பித் திட்டவில்லை. எதிரே வந்த பிள்ளைகளின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே ஓடினேன். கடவுளே, ஒரு டேக், ஒரே ஒரு டேக்.

வாசலில் பிள்ளைகள் யாரும் இல்லை. காவல்கார அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்னம்மா உங்க பொண்ணு இப்படிப் பண்ணுது? அப்பா வந்திருக்காருன்னு நான்தான் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துச்சு. அவரு அந்த மரத்தடியில இருந்து வந்துக்கிட்டிருந்தாரு, அவ்வளவுதான். உள்ள ஓடிப்போய் கக்கூஸ்ல தாழ் போட்டுக்கிச்சு. எவ்வளவு கெஞ்சியும் திறக்கல. அவரும் ரொம்ப நேரம் பொறுமையா நின்னாரு. இப்பத்தான் போனாரு."

அக்கா அந்தக் கதவில் போய் விழுந்தாள். "வாண்டு, அம்மாடி, நான்தான்."

உள்ளேயிருந்து சத்தம் இல்லை.

"நான்தான்டி, அம்மா."

"தனியாத்தான் வந்தியா?"

"நானும் கடுகுச் சித்தியும்தான்டி தங்கம்."

தாழ் விலகியது. பிள்ளை வியர்த்துக் கொட்டி, புத்தகப் பையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். அக்காவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள், எனக்கும் கேட்டது.

"நாடகத்துல நீ வருவியே, அந்த ஆளு வந்தாரும்மா."

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"நடந்து வந்தாரே. ரெண்டு கையும் ஒரே மாதிரி மடிச்சுவிட்டாரு." பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "ஆனா மீசை ஒட்டினது இல்லம்மா. நெசமாவே இருந்துச்சு."

அக்காவுக்கு அழக்கூட வரவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்படித் தூக்கும் வயதை வாண்டு எப்போதோ தாண்டிவிட்டாள், ஆனாலும் அக்கா இறக்கிவிடவில்லை.

வாசலுக்கு வந்தோம். வேலை விட்டு வருகிறவர்களால் தெரு நிறைந்து கிடந்தது. "போயிட்டாரா சித்தி?" என்று வாண்டு கேட்டாள். அவன் முகம் எனக்குத் தெரியாது. போகிற வருகிற ஆண்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.