நூலக வாசனை உள்ள பிரெஞ்சு ஒயின்

1

இந்தக் கதை ஒரு விளம்பரப் பலகையில் பிறந்தது. வேறு பெருமை எதுவும் இதற்குக் கிடையாது. எங்கள் தெருமுனையில் ஓர் ஒயின் ஷாப். பெயர்தான் ஒயின் ஷாப். பிராந்தி உண்டு, விஸ்கி உண்டு, பீர் உண்டு, ஒயின் மட்டும் இருந்ததில்லை. கேட்டவரும் இல்லை. திடீரென்று ஒரு நாள் ‘உயர்தர பிரெஞ்சு ஒயின்கள் வந்துவிட்டன’ என்று பலகை வைத்தார்கள். அதன் கீழே நின்று ஒரு பெரிய மனிதர் கோப்பையை முகரப் போனார். முகரும்முன் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மோந்து பார்க்க எதற்குக் கண்ணாடி? அந்தக் கேள்விக்கு நானாகச் சொல்லிக்கொண்ட பதில்தான் மற்றதெல்லாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘அந்திச் சூரியன் திராட்சைத் தோட்டங்களின் மீது தன் இரத்தத்தை—’

(வேண்டாம். கடைக்குள் எரிவது டியூப்லைட்.)

இரண்டாம் முயற்சி: ‘மேனேஜர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் அவருடைய மேனேஜர்தனம்—’

(இதுவும் வேண்டாம். ஆளை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.)

மேனேஜர் ஒரு காலத்தில் அலுவலகச் செலவில் பிரான்ஸ் போய்வந்தவர். அன்றிலிருந்து தண்ணீரைக்கூடச் சுழற்றிவிட்டுத்தான் குடிப்பார். ஒயின் ஷாப்காரர் அவர் மனைவியின் தம்பி. போன வருஷம் வந்த காய்ச்சல் மேனேஜரின் மோப்ப சக்தியை வழித்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. வாசனையும் தெரியாது, நாற்றமும் தெரியாது. இதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. ஒயின் தெரிந்தவர் என்ற பெயரையும் எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது பென்ஷனும் முட்டிவலியும்தான்.

மனைவி கண்டுபிடித்துவிட்டார். அடுப்பில் பால் தீய்ந்து அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்த அன்று, அடுப்புக்கு அடுத்தே உட்கார்ந்து மேனேஜர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்து, “என்ன விசேஷம்?” என்று வேறு கேட்டார்.

மறுநாள் காலையில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “மணமே இல்லையே, நீ என்னைக்குத்தான் ஒழுங்கா போடப்போற?” என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை.*

* தேய்ந்த தொடர்தான். அந்த அம்மாளும் அதைப் பழகித் தேய்த்தவர்தான்.

3

பிரெஞ்சு ஒயினில் ஒரு வில்லங்கம் உண்டு. தக்கை கெட்டால் உள்ளே இருப்பதும் கெட்டுவிடும். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை அடிக்கும். அதனால் விருந்தாளிகளுக்கு ஊற்றும்முன் ஒருவர் முகர்ந்து பார்த்து நல்லது என்று சொல்லவேண்டும்.

“மச்சான், ஒயின் அறிமுக விழாவுல நீங்க மோந்து பாத்துச் சொன்னாத்தான் ஊத்துவேன்,” என்றார் கடைக்காரர். “பல் டாக்டர் வர்றார், குடியிருப்புச் சங்கத் தலைவர் வர்றார். ஒரு பாட்டில் சொதப்புனாலும் கடை பேரு நாறிடும்.”

“நாறாது மாப்ளே. நான் இருக்கேன்ல.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: “நீ பக்கத்துல நின்னு கோப்பையை எடுத்துக் குடு. குடுக்கும்போது லேசா மோந்து பாரு. கெட்டுப்போயிருந்தா இருமு.”

“ஏங்க, நீங்க மோந்து பாக்க மாட்டீங்களா?”

“நான் நுணுக்கமெல்லாம் பாக்கணும்டி. நல்லதா கெட்டதாங்கறதெல்லாம் அரிச்சுவடி.”

மனைவி அவரை நேராகப் பார்த்தார். “வேற ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லையா?”

“சத்தமா இருமாத.”

விழா அன்று முதலில் திறந்தவை எல்லாம் நல்ல பாட்டில்கள். மேனேஜர் செர்ரி என்றார், புகையிலை என்றார், வந்தவர்கள் தலையாட்டினார்கள். கடைசி பாட்டில் கெட்டது. தக்கையை எடுத்ததுமே மனைவிக்குக் குப்பென்று அடித்தது. இருமவில்லை.

(இங்கே எனக்கே சந்தேகம். தம்பி கடை என்று தெரிந்தும் ஓர் அக்கா இப்படிச் செய்வாளா? அவர் இருமுவதாகவும் எழுதிப் பார்த்தேன். மேனேஜர் பாட்டிலை ஒதுக்கினார், கைதட்டல் வாங்கினார், நேராகக் காபியைக் குறை சொல்ல வீட்டுக்குப் போனார். என்னாலேயே பொறுக்கமுடியவில்லை. கிழித்துவிட்டேன்.)

மேனேஜர் ஆழமாக மூச்சை இழுத்துக் கண்ணை மூடினார்.

“இது... ஒரு பழைய நூலகம். யாருமே தொறக்காத புத்தகத்தோட மௌனம்.”

“அடடா, நூலகம்!” என்றார் பல் டாக்டர்.

“எனக்கு அலமாரியே தெரியுது,” என்றார் சங்கத் தலைவர், விட்டுக்கொடுக்காமல்.

ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கிப் போனார்கள்.

4

மறுநாள் பெட்டிகள் திரும்பி வந்தன. அவற்றில் இருந்தது நல்ல ஒயின், அதுதான் குற்றம்.

“இதுல நூலகம் இல்லையே,” என்றார் பல் டாக்டர்.

“டூப்ளிகேட்,” என்றார் தலைவர். “நேத்து குடிச்சதுதான் ஒரிஜினல். எங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நினைச்சீங்களா?”

கடைக்காரர் மேனேஜருக்குப் போன் போட்டார். “மச்சான், காலை வாரிடாதீங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். இருக்கிற சரக்கைத் தொறந்து வைக்கிறேன். எதுல நூலகம் இருக்குன்னு நீங்களே மோந்து எடுத்துக் குடுங்க.”

போனை வைத்துவிட்டு மேனேஜர் மனைவியிடம் வந்தார்.

“அந்தக் கடைசி பாட்டில்ல என்ன வாடை அடிச்சுது?”

“நீங்கதான மோந்தீங்க?”

“உனக்கு என்ன அடிச்சுதுன்னு கேக்கறேன்.”

“நனைஞ்ச அட்டைப்பெட்டி.”

“அப்புறம் ஏன்டி இருமல?”

“எதுக்கு நான் இருமணும்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே.”

மேனேஜர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

5

ஞாயிற்றுக்கிழமை. மேசை முழுக்கத் திறந்த பாட்டில்கள். மேனேஜர் கையில் கோப்பை. பல் டாக்டரும் தலைவரும் சாட்சிக்கு நிற்பவர்கள் போல நிற்கிறார்கள். பக்கத்தில் மனைவி.

“தம்பி, எனக்கு ஜலதோஷம். ஒரு வாசனையும் தெரியல,” என்கிறார் மனைவி, எல்லோர் காதிலும் விழும்படி. அவ்வளவு சுலபமாக.

முடிவு ஒன்று: மேனேஜர் குத்துமதிப்பாக ஒரு பாட்டிலைக் காட்டுகிறார். “அதே நூலகம்!” என்று தலைவர் குதிக்கிறார். (நடக்கக்கூடியது. அதனாலேயே அலுப்பு.)

முடிவு இரண்டு: மாரடைப்பு. (எழுத்தாளனிடம் சரக்கு தீர்ந்தால் பாத்திரத்துக்கு நெஞ்சு வலிக்கும். வேண்டாம்.)

முடிவு மூன்று: உடைத்துச் சொல்லிவிடுகிறார். “எனக்கு ஒரு வாசனையும் தெரியாதுங்க.” பல் டாக்டர் தன் கோப்பைக்குள் மூக்கை விடுகிறார். “உண்மைதான் சார். வாசனையே இல்லாத மாதிரி ஒரு வாசனை. என்ன நுணுக்கம்!” கைதட்டல்.

மூன்றாவதை எழுதிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த ஆட்களிடம் உண்மையைச் சொன்னால் அதையும் பெட்டி பெட்டியாக வாங்கிப் போவார்கள். அங்கே அதை உண்மையாகக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். மேனேஜருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். கோப்பையை மேசையில் வைக்கிறார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மனைவி பக்கம் திரும்புகிறார். வாயைத் திறக்கிறார்.

“மச்சான், எதுன்னு சொல்லுங்க,” என்கிறார் கடைக்காரர்.

மேனேஜர் மனைவியிடம் சொல்லும் அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. நான் எழுதினால் அழகாக எழுதிவிடுவேன். அந்த அம்மாள் நம்பமாட்டார். நீங்கள் எழுதுங்கள். உவமை கூடாது. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கக் கூடாது.