நோய் முடியட்டும், சொல்றேன்

1

இந்தக் கதை நான் திருடியது. மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் கைப்பேசியில் சொன்னாள்: "நோய் முடியட்டும், அப்புறம் பதில் சொல்றேன்." மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். யார் கேட்டது, என்ன கேள்வி, ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நோய் முடிந்துவிட்டது என்று அவளிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

முதல் வரியை இப்படி எழுதினேன்: "உலகையே உலுக்கிய பெருந்தொற்று ஒரு நாள் திடீரென—"

திடீரெனவா? வந்ததுதான் திடீரென வந்தது. போனதை யார் பார்த்தார்கள்? அடித்துவிட்டேன்.

2

கேள்வி கேட்டவனை முதலில் கவிஞனாக வைத்தேன். இரண்டு பக்கம் பெருமூச்சு விட்டானே தவிர, துரும்பைக்கூட நகர்த்தவில்லை. அவனை விரட்டிவிட்டு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கொண்டுவந்தேன். வயது முப்பத்தாறு. ஒரு மருத்துவமனையின் மூன்று லிஃப்டுகளையும் மாதம் இருமுறை பார்ப்பவன். அவள் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில், மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்துச் சோதிப்பவள். அவன் மூக்கிலேயே ஐந்து முறை விட்டிருக்கிறாள். ஐந்தாம் முறை, கண்ணில் நீர் வழிய வழியக் கேட்டுவிட்டான்:

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

"குச்சி இன்னும் உள்ள இருக்கு. பேசாதீங்க."

எடுத்த பிறகு சொன்னாள்: "நோய் முடியட்டும். சொல்றேன்."

(இது நாசூக்கான மறுப்பு என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். அவன் நினைக்கவில்லை. மெக்கானிக்காயிற்றே, நின்றுபோன எதுவும் ஒரு நாள் நகரும் என்பது அவன் தொழில் நம்பிக்கை.)

3

அன்றிலிருந்து சாட்சி திரட்டக் கிளம்பினான்.

லிஃப்ட் தரையில் நாலு ஜோடிப் பாத ஒட்டிகள் இருந்தன, ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து நிற்பதற்காக. நிர்வாகம் உரிக்கச் சொன்ன அன்றே அவற்றை* இரு கைகளிலும் ஏந்தி இரண்டாம் மாடிக்கு ஓடினான்.

"மேடம், இனிமே லிஃப்ட்ல எட்டு பேர் போலாம். முடிஞ்சிடுச்சு!"

"லிஃப்டுக்கு முடிஞ்சிருக்கும். எங்களுக்கு நேத்து நாப்பத்தியொரு பேருக்கு பாசிட்டிவ்."

[* நாலில் ஒரு ஜோடி உரிக்கும்போது கிழிந்துவிட்டது. கதைக்கு இது தேவையில்லை. அவனுக்கு வருத்தம் என்பதால் குறிப்பிடுகிறேன்.]

பள்ளிக்கூடங்கள் திறந்தன. ஓடினான். பலிக்கவில்லை. பிறகு நிபுணர்கள் கூடிப் பேசி, அவசரநிலை நீங்கியது என்று அறிவித்தார்கள். செய்தித்தாளும் கையுமாகப் படியேறினான். அவள் கடைசி வரி வரை படித்தாள்.

"அவசரம் முடிஞ்சுதுன்னுதான் போட்டிருக்கு. நோய் முடிஞ்சுதுன்னு போடலையே."

"அப்ப இனிமே நிதானமா வருமா?"

முகக்கவசத்துக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம், கொட்டாவியாகவும் இருக்கலாம். அதை வைத்தே இரண்டு வாரம் ஓட்டினான்.

வீட்டில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த நோய் முடியறதுக்குள்ள உன் தலையில முடி இருக்காதுடா. வேற இடம் பார்க்கட்டுமா?"

"அவங்க முடியாதுன்னு சொல்லலையேக்கா. முடியட்டும்னுதானே சொன்னாங்க."

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாளோ? என் கணவர் இதுவரை படித்துவிட்டு, "அவளுக்கு ஒரு காரணம் வேணும். இல்லேன்னா கிழிச்சுப் போட்டுடு" என்றார்.

காரணத்தை அவனே கேட்டுவிட்டான். வாசலில் போட்டிருந்த சோதனைக் கூடாரத்தைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்த நாள் அது. அவள் மேசைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவாவது முடிஞ்சுதா, மேடம்?"

"எண்ணறதை நிறுத்திட்டாங்க. அவ்வளவுதான்." மேசையைக் கீழே வைத்தாள். "முதல் தடவை குறைஞ்சப்ப, எங்கண்ணனுக்கு நான்தான் ஃபோன் போட்டுச் சொன்னேன். முடிஞ்சிடுச்சு, தைரியமா வெளிய வான்னு. மூணே வாரம். அடுத்த அலையில போயிட்டான். அந்த வார்த்தை இன்னொரு தடவை என் வாயில வராதுங்க."

அவன் மேசையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான்.

[இங்கே ஆறுதலாக நாலு வரி எழுதினேன். நாலையும் அடித்துவிட்டேன்.]

அதன்பின் அவன் சாட்சி கொண்டுபோகவில்லை. லிஃப்ட் பார்க்க வரும் நாட்களில் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதோடு சரி.

5

ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவனே தும்மிக்கொண்டு வந்து நின்றான். அவள் குச்சியை எடுத்தாள். கால் மணி நேரத்தில் சோதனை அட்டையில் இரண்டு கோடுகள்.

"பாசிட்டிவ்," என்றாள்.

அவன் முகம் விழுந்துவிட்டது. "போச்சு. எல்லாம் திரும்ப முதல்லேர்ந்தா? கடைசியில நானே கெடுத்துட்டேனா?"

அவள் அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டாள். "மழையில நனையாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? வெந்நீர் குடிங்க. வீட்டோட இருங்க. நல்லாத் தூங்குங்க. அஞ்சு நாள் கழிச்சு வாங்க. அடுத்தது யாரு?"

(மழைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன?)

வாசல்வரை போனவன் நின்றான். [நான்தான் நிறுத்தினேன் என்று சொல்ல ஆசை. அவனாகத்தான் நின்றான்.]

"மேடம், நீங்க பயப்படவே இல்லையே?"

கையுறை பாதி விரலில் நின்றது. அவள் குப்பைக்கூடையைப் பார்த்தாள். சளி பிடித்த வீட்டு ஆளைத் திட்டுவதுபோலத் திட்டியிருக்கிறாள், அந்த இரண்டு கோடுகளைப் பார்த்துவிட்டு! சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்பாகத் தொடங்கி, முகக்கவசம் கண்வரை ஏறி இறங்கும் சிரிப்பானது. வரிசையில் இருந்த மூன்று பேரும் என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தார்கள். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவும் சிரிப்பினால் வந்த கண்ணீர் அல்ல.

"போய்த் தூங்குங்க," என்றாள். "அஞ்சு நாள்."

6

ஐந்தாம் நாளுக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கல்யாணம். இன்னொன்றில் புதிய அலை. அதைப் பாதியிலேயே— வேண்டாம். மூன்றாவதில் அவள், "எதுக்கு வரச் சொன்னேன்?" என்று கேட்கிறாள். என் கணவர் மூன்றையும் படித்துவிட்டு, "இதையெல்லாம் சொல்ல நீ யாரு?" என்றார். நியாயம்தான். நிபுணர்கள் சொல்லியே அவளுக்கு முடியவில்லை. நான் சொல்லியா முடியப்போகிறது?

ஆகவே என்னால் முடிந்தது இவ்வளவு. ஐந்தாம் நாள், காலை பத்து மணி. காய்ச்சல் விட்டு, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டாம் மாடிக் கதவுக்கு வெளியே அவன். உள்ளே, அந்த வார்த்தையைத் தொண்டைவரை கொண்டுவந்து வைத்துக்கொண்டு அவள். உங்களுக்கு அது என்றைக்கு முடிந்தது என்று நினைவிருக்கும் அல்லவா? அவள் காதோரம் போய்ச் சொல்லிக்கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். கதவைத் தட்டிவிட்டான்.